கிளேபாங்கில் சாப்பிடாத கோழி

காவடியோடு நான் விழுந்தேன். இப்போது சொன்னாலும் காது சூடாகிறது. எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழா அது. சுங்கை ரம்பாய், தெங்கேரா என்று ஊர் ஊராகப் பிரிந்துபோன சனமெல்லாம் அன்றைக்குத்தான் ஒன்றுகூடும். அத்தனை பேர் முன்னாலும் வலது கால் மரத்து மடங்கி, மயிலிறகெல்லாம் சிதற, தார் ரோட்டில் கிடந்தேன்.

எங்கள் ஆட்கள் காவடி எடுத்தவன் விழுந்தால் காலைப் பார்க்க மாட்டார்கள். வாயைத்தான் பார்ப்பார்கள்.

"விரதம் சுத்தமில்ல போல," என்றார் உறுமி அடித்த மாமா.

"கிளேபாங் ஒட்டுக்கடையில கோழி சாப்ட்டாராம்லா," என்றாள் ஓர் அக்கா.

நான் கிளேபாங் பக்கம் போயே மாதக்கணக்காகிறது. தயிர்சோறு தின்று தின்று நாக்கு செத்துக் கிடந்தவன் நான்!

அந்த வலது கால் முட்டிக்குப் பின்னால் சின்ன வயதிலிருந்தே எலும்பில் ஒரு முண்டு உண்டு. வலிக்காது. கூச்சப்பட்டு, முட்டி தெரிகிற அரைக்கால் சிலுவார் போடாமலே வளர்ந்தேன். விரதம் இருந்த நாட்களில் அதன் பக்கத்தில் மெத்தென்று ஒரு வீக்கம் வந்தது. கை வைத்தால் உள்ளே துடித்தது. சாமி காரியத்தில் உடம்பைப் பற்றிப் புலம்பக் கூடாதென்று யாரிடமும் சொல்லவில்லை.

விழுந்த மறுநாள் பாதம் சில்லிட்டு வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார் ஒரு பெண் டாக்டர்.

"அங்கிள், இது எலும்புல வளந்த கட்டி. கேன்சர் இல்ல. ஆனா அதோட முனை ரத்தக் குழாய உரசி உரசி ஓட்டை போட்டிருச்சு. ரத்தம் கசிஞ்சு பை மாதிரி நிக்குது. கீழ ரத்தம் சரியா போகல. இப்பவே ஆப்ரேஷன் செய்யணும். காலைக் காப்பாத்தப் பார்க்கிறோம்."

பார்க்கிறோம் என்றுதான் சொன்னார். பேக்டரி பஸ் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். எண்ணெய் மிதியை அழுத்துகிற கால் அது.

என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் மனைவி குனிந்தாள்.

"டாக்டர் என்னமோ சொல்லட்டும். எங்கிட்ட உண்மைய சொல்லுங்க. கோழி சாப்ட்டீங்களா? ஒத்துக்கிட்டா முருகன் மன்னிச்சிருவாரு. கால் பொழச்சிரும்."

சத்தியமாக இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லி, கால் போய்விட்டால்?

"சாப்ட்டேன்," என்றேன். "கிளேபாங்லதான்."

சீ, என்ன மனுஷன் நான்! செய்யாத பாவத்தைக் கொண்டுபோய் முருகனுக்கு லஞ்சமாக நீட்டினேன்.

கால் பிழைத்தது. முண்டை வெட்டியெடுத்து, இடது காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்து ஒட்டுப்போட்டார்கள். அதற்குள் மனைவி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, அங்கிருந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதிருக்கிறாள். பார்க்க வந்த உறுமி மாமா தோளைத் தட்டினார்.

"பரவால்ல மாப்ளே, ஒத்துக்கிட்டியே."

"எலும்புதான் மாமா காரணம்."

"ஆமாமா, கோழி எலும்பு," என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபின் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன், நான் சாப்பிடவே இல்லை என்று. அவள் பதறிப்போனாள். "மறுபடியும் பொய்யா? காலைப் பத்தி யோசிங்க!"

இந்த வருஷம் மகள் முதல்முறையாகப் பால்குடம் எடுக்கிறாள். காப்புக் கட்டிய அன்று மனைவி அவளிடம் சொன்னாள்:

"சுத்தமா இரும்மா. அப்பா மாதிரி செஞ்சிராத."

மகள் என்னைப் பார்த்தாள். நான் வேட்டியை இழுத்துத் தழும்பை மூடினேன்.

"அம்மா சொல்றதக் கேளு," என்றேன்.