கண்ணீர் அஞ்சலிப் பேனரில் என் பெயர்

இங்கே ஜெர்மனியில், கண்ணாடிப் புட்டிகளை நிறவாரியாகப் பிரித்துத் தொட்டியில் போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு கிளவுஸ் ஒருநாள், "நேற்று என் அம்மா இறந்துவிட்டார்" என்றார். பச்சைப் புட்டி கையில் இருக்க நான் விழித்தேன். எங்கள் ஆலங்குடிப் பக்கம் அப்படிப் போட்டு உடைக்க மாட்டோம். பெரியப்பா இறந்த அன்று சிங்கப்பூரிலிருந்த அவர் மகனுக்கு நான்தான் போன் செய்தேன். "பெரியப்பாவுக்குக் கொஞ்சம் முடியலண்ணே, பொறப்பட்டு வாங்க." அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பக்கம் அண்ணன் குலுங்கி அழுதார்.

நான் பார்ப்பது கெர்னல் வேலை, கணினியின் அடிமட்ட மென்பொருள். கணினி கண்விழிக்கும் முதல் நொடியிலேயே கெர்னல் தன் நினைவகத்தை மறையாக்கிப் பூட்டிக்கொள்ளும். நினைவகத்தின் பக்கங்களில் எது பூட்டியது என்பதை அட்டவணையில் ஒரே ஒரு பிட், ஒரு சின்னக் குறி, சொல்லும். அதை வைக்க மறந்தால் இயந்திரம் பூட்டிய பக்கத்தை அப்படியே படிக்கும். குப்பையைக் கட்டளை என்று நம்பிச் செத்து நிற்கும். திரை இன்னும் எழுந்திராத நேரம் என்பதால் பிழைச்செய்திகூட வராது. போன மாதம் ஒரு சர்வர் அப்படித்தான் நின்றது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த புதன்கிழமை மதியம் தங்கை கணவர் அழைத்தார்.

"மாமாவுக்குக் கொஞ்சம் முடியல மச்சான். பொறப்பட்டு வாங்க."

"எந்த ஆஸ்பத்திரி மாப்ள? டாக்டர் என்ன சொல்றாரு?"

"வந்து பேசிக்கிடலாம் மச்சான்."

"வெள்ளிக்கெழம இந்த வேலைய முடிச்சுட்டு வாரேன்."

"வெள்ளிக்கெழமயா?" என்று ஒருதரம் கேட்டார். பிறகு, "சரிங்க மச்சான்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பிழை அகப்பட்டது. தொடக்கத்தில் போட்ட ஒரு அட்டவணை வரியில் அந்த பிட் விடுபட்டிருந்தது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

சனிக்கிழமை ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிரே பேனர். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தோற்றம், மறைவு. மறைவு புதன்கிழமை. கீழே வருந்துவோர் வரிசையில் முதல் பெயர் என்னுடையது.

வியாழக்கிழமை சாயங்காலம்வரை ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்திருக்கிறார்கள். கொள்ளி வைத்தது சிங்கப்பூர் அண்ணன். ஒரே போனில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது.

"தெரிஞ்சும் வெள்ளிக்கெழமன்னு சொல்லிப்புட்டியேண்ணே" என்றாள் தங்கை.

"சத்தியமா எனக்குப் புரியலத்தா."

"பெரியப்பா செத்தப்ப அந்த போனப் பண்ணுனதே நீதான. ஒனக்கா புரியல?"

அவள் நினைத்ததே இருக்கட்டும் என்று விட்டேன். தெரிந்தே வராத மகன் என்பதைவிட, சொன்னது விளங்காத மகன் என்பதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. பிரிக்காத ஸ்வெட்டரை அப்படியே திரும்ப எடுத்து வந்தேன்.

நேற்று தொட்டியருகே கிளவுஸ் கேட்டார், "ஊருக்குப் போனீர்களே, அப்பா எப்படி இருக்கிறார்?"

இறந்துவிட்டார் என்பதற்கு ஜெர்மனில் எனக்கு வார்த்தை தெரியும். வாய் வரவில்லை. "கொஞ்சம் முடியவில்லை" என்றேன்.

"குட்டே பெஸ்ஸருங்" என்று என் தோளைத் தட்டினார். சீக்கிரம் குணமாகட்டும் என்று அர்த்தம்.

நன்றி சொல்லிவிட்டு, பச்சைப் புட்டியைப் பச்சைத் தொட்டியில் போட்டேன்.