எட்டாவது போர்ட்

ரேடியோ வேலை பார்க்கிறேன் என்று அவள் சொன்னால் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "பாட்டு வருமா?" என்பதுதான். பதினெட்டு வருடமாகச் சளைக்காமல் கேட்கிறார்கள். அவளும் சளைக்காமல், "பாட்டு வராது, கடுப்புதான் வரும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஊரில் அவளுக்கு டவரக்கா என்று பேர். நாற்பத்தைந்து வயதில் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு கோபுரம் ஏறுகிற பெண்ணை வேறென்னவென்று கூப்பிடுவார்கள்?

அவள் கட்டி மேய்க்கிற கோபுரங்களில் மலை மேல் நிற்பதுதான் முக்கியமானது. அதில் நான்கு ரேடியோக்கள். பார்ப்பதற்குச் சாப்பாட்டுத் தட்டு அளவில் வெள்ளை டப்பாக்கள். ஒன்று அணையைப் பார்த்திருக்கும், ஒன்று நகரத்து அலுவலகத்தை, ஒன்று மழைமானியை. நான்காவது, வெள்ளம் வருமுன் எச்சரித்து ஊதுகிற ஆற்றங்கரைச் சங்கை. இவற்றுக்கென்று தனி மின்கம்பி கிடையாது. கோபுரத்தடியில் ஓர் இரும்பு அலமாரிக்குள் நெட்வொர்க் ஸ்விட்ச் என்கிற பெட்டி இருக்கிறது; கேபிள் செருக அதில் எட்டு போர்ட். அதிலிருந்து ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஏறும் ஒற்றைக் கேபிளில்தான் சேதியும் போகும், மின்சாரமும் போகும். மொத்தம் அறுபது வாட்தான் அந்தப் பெட்டியால் கொடுக்க முடியும். நான்கு ரேடியோவும் சேர்ந்து நாற்பத்தாறு தின்னும். வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குச் சட்டென்று சொல்ல வராது. இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

சொல்லாமல் என்ன செய்வாள்? அவள் புருஷன் வேலை பார்ப்பது ஆற்றுக்குள்ளே. ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப், ஆற்றின் நடுவில் ஒரு கிணற்றின் மேல் இருக்கிறது. வருடத்தில் முக்கால்வாசி நாள் சுற்றிலும் வெறும் மணல்தான். அணைக்கதவைத் தூக்கினால் இருபது நிமிடத்தில் வெள்ளம் கிணற்றைத் தொடும். அதனால் அணையில் கதவுக்காரர் முதலில் சங்குப் பொத்தானை அழுத்துவார். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் கதவில் கை வைப்பார். கிணற்றிலிருந்து கரைக்கு மணலில் பத்து நிமிட நடை. சங்கு கேட்டால் புருஷன் மோட்டாரை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, ஒரு பீடியும் பற்றவைத்துக்கொண்டு நிதானமாக வந்து சேர்வார்.

மூன்று மாதத்துக்கு முன் ஓர் இடியில் மலைப் பெட்டி கருகிப்போனது. அன்றைக்கே அதே வகையில் புதுப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். எந்தக் கேபிள் எந்த போர்ட்டில் இருந்ததோ அப்படியே செருகினாள். சங்கின் கேபிள் எட்டாவதில், கடைசியில். யார் கையும் தெரியாமல் பட்டுவிடக்கூடாது என்று அவளே ஒதுக்கிச் சிவப்பு டேப் சுற்றி வைத்த இடம் அது. எல்லா விளக்கும் எரிந்தன. இறங்கி வந்தாள்.

பிறகு மேலாளருக்கு ஓர் ஆசை பிறந்தது. மலையிலிருந்து அணை எப்படி இருக்கிறது என்று தன் போனில் பார்க்க வேண்டுமாம், அதற்கு அங்கே ஒரு காமிரா வேண்டுமாம். அவருக்கு வேண்டியதெல்லாம் பெரிய அதிகாரிகள் வந்தால் நீட்டிக் காட்ட ஒரு படம்.

"சார், பகல்ல ஒன்பது வாட். இருட்டினா அதோட விளக்கு எரியும், பதினேழு ஆயிடும். அறுபத்து மூணு. பெட்டி தாங்காது" என்றாள்.

"தாங்கலைன்னா என்ன ஆகும்? வெடிச்சிடுமா?"

"வெடிக்காது. யாராவது ஒருத்தரைப் பட்டினி போடும். சங்குதான் முதல்ல, மத்தது எல்லாம் பின்னாடின்னு வரிசை போட்டு வச்சிருக்கேன். காமிராதான் அணையும்."

"ராத்திரி யாரு பாக்கப் போறா? அணையட்டும். மாட்டு."

மாட்டினாள். ஐந்தாவது போர்ட்டில், ஒரு புதன்கிழமை காலையில். அவள் இறங்கி அலுவலகம் வந்து சேர்வதற்குள் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கே அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. மழை இன்னும் இங்கே விழவில்லை. ஆனால் காற்று நின்றுபோயிருந்தது. வாசல் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அவளுக்கு ஏனோ சோறு இறங்கவில்லை. டப்பாவை மூடி வைத்தாள்.

மேலாளர் போனை ஏந்திக்கொண்டு வந்தார். "ஏம்மா, காலையில பச்சைப்பசேல்னு இருந்துச்சு. இப்ப கலர் போயிடுச்சே? புதுசு வாங்கியும் இதானா?"

"இருட்டிடுச்சுல்ல சார். காமிரா ராத்திரின்னு நெனச்சுக்கிட்டு விளக்கைப் போட்டிருக்கும். அப்ப கறுப்பு வெள்ளையாத்தான்..."

பாதியிலேயே நிறுத்தினாள். போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மலை, கோபுரத்தின் நிழல், தூரத்தில் அணை, எல்லாம் சாம்பல் நிறத்தில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தெளிவே தப்பாகப் பட்டது. விளக்கு எரிந்தால் அறுபத்து மூன்று. படமே வரக்கூடாது. காமிரா உயிரோடு இருந்தால், செத்தது யார்?

கணினிக்கு ஓடினாள். திரையில் ஏழு போர்ட்களில் ஒரு குறையும் இல்லை. எட்டாவது மட்டும் சிவப்பு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரிசை கேபிளில் இல்லை, டேப்பில் இல்லை. பழைய பெட்டியின் நினைவில் இருந்தது. அதோடு கருகிவிட்டது. புதுப்பெட்டிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையென்றால் முதல் போர்ட்டுக்கு முதலில் மின்சாரம், எட்டாவதுக்குக் கடைசியில். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒருமுறை செய்த வேலை. எப்போதும் இருக்கும் என்று நினைத்து, மறுபடி செய்ய மறந்துவிட்டாள்.

அணைக்குப் போன் போட்டாள். "அண்ணே, சங்கு அழுத்தினீங்களா?"

"எப்பவோ அழுத்தியாச்சும்மா. இங்க மேல கொட்டு கொட்டுன்னு கொட்டுது."

"கதவு?"

"தூக்கிப் பதினோரு நிமிஷம் ஆச்சே. ஏம்மா?"

இருபதில் பதினொன்று போனால் ஒன்பது. கதவை இப்போது இறக்கினாலும் போன தண்ணீர் போனதுதான். ஐந்தாவது போர்ட்டை அணைத்தாள். மேலாளர், "படம் போயிடுச்சு" என்றார். அவரை அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். எட்டாவது எழுந்து நிற்க இரண்டு நிமிடம் பிடிக்கும். அதை எந்த ராஜாவாலும் அவசரப்படுத்த முடியாது. புருஷனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோட்டார் சத்தத்தில் எதிரே நின்று கத்தினாலே காதில் விழாது, போனா விழும்? திரும்பத் திரும்ப அடித்தாள். சிவப்பு பச்சையானதும், "அண்ணே, அழுத்துங்க! இன்னொரு தரம் அழுத்துங்க!" என்று அலறினாள். ஏழு நிமிடம் இருந்தது. நடை பத்து நிமிடம்.

சங்கு ஊதியது. புருஷன் வழக்கம்போல மோட்டாரை நிறுத்தி, தூக்கை எடுத்து, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இறங்கினார். பாதி மணலில்தான் இரைச்சல் கேட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறார். பிறகு ஓடினார். கரைக்கு முப்பது அடி இருக்கையில் தண்ணீர் காலை வாரி, குழாய்த் தூணில் கொண்டுபோய் மோதியது. தூணை ஒரு கையால் கட்டிக்கொண்டு கிடந்தவரைக் கயிறு போட்டு இழுத்தார்கள். இன்னொரு கைக்குத் தோளிலேயே எலும்பு விட்டுப்போயிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சு வந்தது. வந்ததும் முதல் பேச்சு கதவுக்காரரைப் பற்றித்தான்.

"அந்தாளு கதவைத் தூக்கிட்டு அப்புறமா ஊதியிருக்கான். விசாரணைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்களாம். நல்லா வேணும். விடக்கூடாது அவனை."

"அண்ணன் நேரத்துக்குத்தான் அழுத்தினாருங்க" என்றாள். "ஊதாம விட்டது நான்."

எல்லாவற்றையும் சொன்னாள். இடி, புதுப்பெட்டி, வரிசை, காமிரா.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். எழுதிக் கொடுத்துட்டுத்தான் இங்க வந்தேன். அண்ணனை விட்டுருவாங்க."

வைவார் என்று எதிர்பார்த்தாள். வைதிருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பாள். அவர் வையவில்லை.

"கட்டுப் பிரிச்சதும் நான் திரும்ப அங்கதான் இறங்கணும்" என்றார். குரலில் கோபமே இல்லை. "இனிமே சங்கு ஊதாம இருந்தா தண்ணி வரலைன்னு எடுத்துக்கவா, இல்ல உன் பெட்டி அதைப் பட்டினி போட்டிருக்குன்னு எடுத்துக்கவா? அதை மட்டும் சொல்லு."