பல் தேய்ப்பதில் ஒரு குறை

மனைவி போன பிறகு ஒரு பேஸ்ட் டியூப் எனக்கு மாதக்கணக்கில் தீரவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"டியூபே வேணாம்பா. அது மக்காது. கடைசியில உங்க ஊர்க் கடல்லதான் போய்ச் சேரும்" என்றாள்.

மறுவாரமே கண்ணாடிப் புட்டியில் மூலிகைப் பற்பொடி கூரியரில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நலம் விசாரித்த கையோடு போனை வைத்துவிடுகிறவள், அன்று பொடியைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பல் தேய்ப்பதில் ஏதாவது குறை இருக்கும்வரை மகள் என்னோடு பேசுவாள்.

குறைக்கா பஞ்சம்? காரைக்கால் உப்புக்காற்றில் பொடி கட்டிதட்டிப் போனது. வெயிலில் வைக்கச் சொன்னாள். அடுத்து, கடித்தால் நுரைக்கும் பல் மாத்திரை அனுப்பினாள். "சுவத்துச் சுண்ணாம்பைக் கடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். தனி வீட்டில் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினேன்.

மெக்காவுக்கு உம்ரா போய்த் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர் பேரீச்சம்பழம் கொடுக்க வந்தார். வாசலில் காய்ந்துகொண்டிருந்த பொடியைப் பார்த்து விசாரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு மிஸ்வாக் குச்சியோடு வந்தார்.

"நுனியைத் தண்ணியில ஊறவச்சு மெல்லுங்கண்ணே. நார் நாராப் பிரிஞ்சிடும். அதாலயே தேய்ங்க. பேஸ்ட்டும் வேணாம், பொடியும் வேணாம்."

தேய்த்தேன். வாய் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. புத்தி கெட்டுப்போய், உற்சாகத்தில் குச்சியைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பியும் தொலைத்தேன்.

ஞாயிறு வந்தது. "குச்சி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்குப் பயமாக இருந்தது.

"ஈறுல குத்துதும்மா. சரிப்பட்டு வரல" என்று ஒரே போடாகப் போட்டேன். அடுத்து என்ன அனுப்பப் போகிறாள் என்று ஆவலாகக் காத்திருந்தேன்.



"உங்களை ரொம்பப் படுத்திட்டேன்பா. எல்லாத்தையும் விட்டுடுங்க. பழையபடி பேஸ்ட்டே வாங்கிக்குங்க. இனிமே இதைப் பத்திப் பேசவே மாட்டேன்" என்றாள்.

குரலில் அத்தனை பரிவு. அதற்குமேல் எப்படி மறுப்பது?

"சரிம்மா" என்றேன்.