சாம்பல் நிறக் கல்

தேங்காயெண்ணெய் தொட்ட பழைய பனியன் துணி ஈரக் கல்லின் மேல் வழுக்கிப் போகையில் எழும் மணம்தான், ஓசூரில் எங்கள் வீட்டுச் சமையல் முடிந்ததற்கு அடையாளம்.

கறுப்பு கிரானைட்டுக்குப் பேர்போன பர்கூரில் கல் பாலிஷ் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, ஒருநாள் வேன் பிடித்துக் கொண்டுவந்து இறக்கிய கறுப்புக் கல் அது. அதுவரை சிமெண்ட் மேடையில் சமைத்த அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ‘மொகம் தெரியணும்’ என்பாள், தெரியும்வரை துடைப்பாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா ‘எஷ்டு சென்னாகிதே’, எவ்வளவு அழகு என்று வியந்துவிட்டுப் போனால், அன்றைக்கு எங்கள் சேட்டைகளுக்கெல்லாம் மன்னிப்பு உண்டு.

ஒருநாள் ஊறுகாய்க்கு எலுமிச்சை பிழிந்தவள், பித்தளைக் குடம்போலக் கல்லும் மின்னட்டுமே என்று அந்தத் தோலாலேயே தேய்த்துவிட்டாள். துடைத்துப் பார்த்தால் தேய்த்த இடமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. எண்ணெய் தடவினாள், பாத்திரத்தூள் போட்டாள். திட்டு பெரிதானதுதான் மிச்சம். கல்யாணமாகி அப்பா அவளுக்கென்று கொண்டுவந்த ஒரே பொருளைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டதாக அழுது தீர்த்தவள், அவர் வரும் நேரத்துக்கு அதன்மேல் முறத்தைக் கவிழ்த்துவைத்தாள்.

முறத்தைத் தூக்கிப் பார்த்த அப்பா திட்டவில்லை.

“நீ ஒண்ணும் கெடுக்கல. அது சாம்பக் கல்லுதான், சாயம் ஏத்திக் கறுப்பாக்கனது. அசல் கறுப்பு நமக்கு எட்டுமா?”

“அப்ப நான் தெனம் எண்ண போட்டுத் தொடைக்கறத பாத்துக்கினுதான இருந்தீங்க?”

அப்பா முறத்தை அதன் ஆணியில் மாட்டப் போனார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அம்மா மிச்சமிருந்த எலுமிச்சை மூடிகளை எடுத்து, கல் முழுவதும் ஒரே சாம்பலாகும்வரை தேய்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் மேடையைத் துடைக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார், அம்மாவும் தடுக்கவில்லை.

இப்போது அப்பா இல்லை. அந்த வீடும் இல்லை. அங்கே கம்பெனிப் பையன்களுக்கான வாடகை அறைகள் எழும்பிவிட்டன. விற்பதற்கு முன் வீடு பார்க்க வந்தவர் மேடையைத் தட்டிப் பார்த்து, “பர்கூர் பக்கத்துலயே இருந்துக்கினு நல்ல கறுப்பா பாத்துப் போட்டிருக்கலாமேம்மா” என்றார்.

அம்மா சட்டென்று சொன்னாள்: “எங்க வீட்டுக்காரர் கொண்டாந்த கல்லுங்க. சாயம் கீயம் ஒண்ணும் கெடயாது. இதுதான் இதோட நெறம்.”