ஒரு வாட் ரேடியோவும் பதினொரு ஈர பனியன்களும்

என் சித்தப்பா பொய் சொல்கிறார். பன்னிரண்டு வருடமாக ஒரே பொய்யைச் சொல்கிறார். கல்யாணம், காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் என்று எங்கே நான்கு சொந்தக்காரர்கள் இலை முன்னால் உட்கார்ந்தாலும் ஆரம்பித்துவிடுவார். "நானே ரேடியோ பண்ணி, நானே உடுமலைக்குப் பேசியிருப்பனுங்க. இந்தப் புள்ள ஈரத்துணியக் கொண்டுபோயி ஏரியல்ல காயப்போட்டுருச்சு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் கோவக்காரி என்பார்கள். ஆமாம், கோவக்காரிதான். ஆனால் இத்தனை நாள் கோபம் மட்டும்தான் இருந்தது. இப்போது கையில் தாள் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. வேலம்பாளையத்தில் கீழே அப்பாவின் தையல் யூனிட், மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. பெரிய கம்பெனிகளிலிருந்து வெட்டிய பனியன் துணி கட்டுக் கட்டாக வரும். தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாம் பீஸ் ரேட். இத்தனை பீஸ் தைத்தால் இவ்வளவு கூலி. அதனால் எங்கள் ஊரில் மனிதர்களை அளப்பதும் வேகத்தை வைத்துத்தான். வேகமாக ஓட்டுகிறவன் கெட்டிக்காரன். அவன் குணம் எப்படி என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

அப்பா ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் மெஷின் அழும் என்பார்கள். சித்தப்பா உட்கார்ந்தால் தூங்கும். சித்தப்பா தைத்த பீஸ் ஒன்றுகூடப் பழுது என்று திரும்பி வந்ததில்லை. அதை யாரும் பேசமாட்டார்கள். அப்பா தம்பிக்கு வைத்த பெயர் கட்டவண்டி, ஊர்ந்து போகிற மாட்டுவண்டி. கடைசியில் மெஷினிலிருந்து எழுப்பி, தைத்த பீஸைப் பார்த்து அனுப்பும் செக்கிங் டேபிளில் நிறுத்தினார். அங்கேயும் அவர் ஒவ்வொரு பனியனையும் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"டேய் கட்டவண்டி, பனியனுக்குப் பொண்ணா பாக்கற? தள்ளுடா அக்கட்ட."

"இருங்ணா, ஒரு நூல் தொங்குது" என்பார் சித்தப்பா.

இந்த மனிதருக்குத்தான் அமெச்சூர் ரேடியோ பைத்தியம் பிடித்தது. அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள், வீட்டில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ரேடியோ அலையில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். சிலர் அலமாரி அளவுக்குக் கருவி வைத்திருப்பார்கள். சிலர் மிகக் குறைந்த மின்சாரத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்பார்கள். சித்தப்பா இரண்டாவது ஜாதி. கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போய் வந்து மோர்ஸ் படித்தார், பரீட்சை எழுதினார், லைசென்ஸும் வாங்கினார். பிறகு ஆன்லைனில் இரண்டு கிட் வரவழைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை ஒன்று, ஒரு கவர் நிறையப் பொடிச் சாமான்கள். பலகையில் அவற்றை நாமே சால்டர் வைத்து, அதாவது ஈயத்தைச் சூட்டில் உருக்கி, ஒட்ட வேண்டும். குரல் போகாது. நீளமும் குட்டையுமாக ஒலிக்கிற மோர்ஸ் சத்தம் மட்டும் போகும். அதன் மொத்த பலம் ஒரு வாட்.

"ஒரு வாட்டா? சாமி படத்துக்குப் போடற சீரோ வாட் பல்பே இதுக்கு மேலடா" என்றார் அப்பா.

"ஆமாங்ணா. அது பதினஞ்சு வாட்டுங்ணா" என்று சித்தப்பா நிதானமாகச் சொன்னார். அப்பாவுக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டு கிட்டில் ஒன்று எனக்கு. அவர் வாயால் சொன்னது: "மொதல்ல இது பேசட்டும் கண்ணு. பேசுச்சுன்னா அடுத்தது உனக்கு. நீயே சால்டர் வெச்சுக்கலாம். நான் தொடக்கூட மாட்டேன்." எனக்கு அதுவரை யாரும் சுடுகிற பொருள் எதையும் கையில் கொடுத்ததில்லை. தோசைத் திருப்பிகூட.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அயர்ன் டேபிளில் உட்கார்ந்து கட்டினோம். ரெசிஸ்டர் என்று அரிசி அளவு சாமான். அதன்மேல் வண்ண வண்ணக் கோடுகள். அந்த வண்ணம்தான் அதன் அளவு. பிரவுனைச் சிவப்பு என்று வைத்தால் எல்லாம் போச்சு. நான் பனியன் யூனிட் குழந்தை. மூன்று விதக் கறுப்பைப் பிரித்துச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள். செக்கிங் டேபிள் ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்து எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இதை அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை.

மோர்ஸ் தட்டும் சாவியை நாங்களே செய்தோம். உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒரு துண்டு, அதன் நுனியில் குழந்தைச் சட்டைக்கு அடிக்கிற டிச் பட்டன். பெட்டிக்கு என்னுடைய டிபன் பாக்ஸ். இரண்டு வாரம் நான் பள்ளிக்கூடத்துக்கு இட்லியை பாலிதீன் கவரில் கொண்டுபோனேன். ஒருநாள் அவர் கையிலிருந்து சால்டர் சொட்டு, பக்கத்தில் இருந்த குழந்தை டி-ஷர்ட்டில் விழுந்து, அச்சடித்த யானையின் வயிற்றில் ஓட்டை விழுந்தது. அப்பா கேட்டபோது சித்தப்பா என்னைப் பார்த்தார். நான்தான் என்று நான் ஒப்புக்கொண்டேன். அடுத்த கிட் எனக்கல்லவா. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு ஏரியல், ரேடியோ அலையை அனுப்பவும் பிடிக்கவும் உயரத்தில் கட்டுகிற ஒயர். கட்டிங் மாஸ்டரின் இஞ்ச் டேப்பை வாங்கி, இருபது மீட்டர் ஒயரை அளந்து, நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே நேராக இழுத்துக் கட்டினார். ஒரு வாரம் அதை முறுக்கி முறுக்கி விறைப்பாக்கினார். மாடியில் விறைப்பாக ஒரு ஒயர் இருந்தால் எங்கள் வீட்டில் அது எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"தம்பி கட்டுன கொடி நல்லா இருக்குது, தொய்யறதே இல்ல" என்று அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் பக்கெட்டைக் கொடுத்தாள். போட்டேன். மறுக்கவில்லை. மொத்தம் பதினொரு பனியன்கள். இரண்டு என்னுடையவை. ஒன்பது சித்தப்பாவுடையவை. அந்த ஒன்பதில் நான்கை, குளித்துவிட்டு வந்து, பிழிந்து, உதறி, அவர் கையாலேயே காயப்போட்டார். இதை நான் கோயிலில் வைத்துச் சத்தியம் செய்கிறேன்.

அன்று பத்து மணிக்கு உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவரோடு பேசுவதாக ஏற்பாடு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய லைசென்ஸ்காரர். போனில் நேரம் பேசி வைத்திருந்தார்கள். மாடியில் அப்பா, அம்மா, தேனியிலிருந்து வந்து எங்களிடம் செக்கிங் செய்த அக்கா, இஞ்ச் டேப்பைத் திரும்ப வாங்க வந்த கட்டிங் மாஸ்டர். அவர் டேப்பை வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"எண்ணே, இதுல படம் தெரியுமா?" என்று அந்த அக்கா கேட்டாள்.

"சத்தம் மட்டுந்தான் அம்மிணி."

"இதுக்கா நாலு வாரம்?"

இயர்போனில் ஒரு பக்கம் சித்தப்பா காதில், இன்னொரு பக்கம் என் காதில். இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மடியில் யூனிட்டின் டிசி புக். சரக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுக்கிற டெலிவரி சலான் புத்தகம். எனக்கு மோர்ஸ் எழுத்து ஒன்றும் தெரியாது. "நீ படம் மட்டும் போடு கண்ணு. நீளத்துக்குக் கோடு, குட்டைக்குப் புள்ளி. படிக்கறத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்த நான்கு வாரமும் அவர் தட்டிப் பழகியதை நான் கேட்டிருக்கிறேன். பனியன் பார்க்கிற மாதிரியே தட்டுவார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார். இரண்டு எழுத்து போயிருக்கும்.

"என்றா, தட்டறதுலயும் கட்டவண்டிதானா?" என்றார் அப்பா பின்னாலிருந்து.

கட்டிங் மாஸ்டர் சிரித்தார்.  சித்தப்பாவின் கையில் ஏதோ புகுந்துகொண்டது. ஹாக்ஸா பிளேடு துடித்தது. டிச் பட்டன் கடகடவென்று அடித்தது. ஓவர்லாக் மெஷினை முழு வேகத்தில் விட்ட மாதிரி இருந்தது. எது நீளம், எது குட்டை என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை.

"பரவால்லியே" என்றார் அப்பா. "கை ஓடுதே இவனுக்கு."

தம்பியைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சித்தப்பா கையை எடுத்தார். காதில் இரைச்சல். அதற்குப் பின்னால் எந்த நாட்டுப் பாட்டோ ஒன்று தேய்ந்து தேய்ந்து ஓடியது. பிறகு, மெல்லிய விசில். நீளம், நீளம், குட்டை, நீளம். கொஞ்சம் இடைவெளி. குட்டை, நீளம், குட்டை. இடைவெளி. மூன்று குட்டை. பத்து வயதுக் குழந்தை சாவகாசமாக எழுதுகிற அளவுக்கு மெதுவாக வந்தது. அதுவே மூன்று தடவை வந்தது. நான் மூன்று தடவையும் எழுதினேன். புத்தகத்தை அவரிடம் நீட்டினேன்.

பார்த்தார். இயர்போனின் இன்னொரு பக்கத்தில் அவரும் கேட்டிருக்கிறார். அவர் காது சிவந்துபோனது. மறுபடியும் சாவியைப் பிடித்து, முன்னைவிட வேகமாகத் தட்டினார். மறுபடியும் அதே விசில், மூன்று தடவை, முன்னைவிட மெதுவாக. மறுபடியும் எழுதினேன். அவர் தாளை டர்ரென்று கிழித்து, நான்காக மடித்து, சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"சும்மா எரைச்சல் கண்ணு அது."

உடனே அவர் போன் அடித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பேசினார். எங்களுக்குப் பாதிதான் கேட்டது. "ஆமாங்க... இல்லீங்க, அண்ணன் பக்கத்துல நின்னாருங்க... சரிங்க, சரிங்க."

திரும்பி வந்தார்.

"என்ன சொல்றாரு உன்ற உடுமலைக்காரரு?" என்றார் அப்பா.

சித்தப்பா வானத்தைப் பார்த்தார். வானத்துக்கும் அவருக்கும் நடுவில் பதினொரு பனியன்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பிறகு என்னைப் பார்த்தார். யானை வயிற்றில் ஓட்டை விழுந்த அன்று பார்த்த அதே பார்வை.

"சிக்னலே போகலையாமுங்ணா. ஏரியல்ல ஈரத்துணி."

"ஆரு போட்டது?"

"புள்ளதானுங்ணா."

அம்மா துணி கொண்டுவந்த பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். பக்கெட் கொடுத்தது அவளல்லவா. அப்பா என் தலையில் ஒரு தட்டு தட்டினார். "பாவம்டா நீ. கை என்ன வேகமா ஓடுச்சு. இந்தக் கழுதை கெடுத்துப்போடுச்சு."

அன்றிலிருந்து அப்பா அவரைக் கட்டவண்டி என்று கூப்பிடவில்லை. அன்றிலிருந்து என் பெயர் ஈரத்துணி. இரண்டாவது கிட் பரணுக்குப் போனது. டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றப் போனால்கூட, "ஈரத்துணி, கைய எடு" என்பார்கள். பதினெட்டு வயது வரைக்கும் என்னை எங்கள் வீட்டு ஸ்விட்ச் பலகைகள் சந்தேகத்தோடுதான் பார்த்தன.

போன மாதம் யூனிட்டை முதலிபாளையத்துக்கு மாற்றினோம். பழைய டிசி புக்குகளைச் சாக்கில் கட்டிப் பழைய பேப்பருக்குப் போடும் வேலை எனக்கு. அதில் ஒன்றைப் பிரித்தால், விவரம், கலர், சைஸ், பீஸ் என்று கட்டம் போட்ட பக்கத்தில், எல்லாக் கட்டத்தையும் தாண்டி, கோடும் புள்ளியும். கார்பன் நீலத்தில். என் கை போட்டவை.

டிசி புக்கில் மேல் தாள் சரக்கோடு போகும். அடித்தாள் புத்தகத்திலேயே இருக்கும். நடுவில் கார்பன் இருக்கும். செக்கிங் டேபிளில் ஆயிரம் டிசி கிழித்தவர் சித்தப்பா. அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டார்.

போனில் தேடினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று எழுத்து: க்யூ, ஆர், எஸ். ரேடியோக்காரர்களின் சுருக்கெழுத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மெதுவாக அனுப்பு.

ஆறு தடவை சொல்லியிருக்கிறார் அந்த லைன்மேன். என்றால் சிக்னல் போயிருக்கிறது. பதினொரு ஈர பனியனோடு, ஒரு வாட்டில், உடுமலைப்பேட்டை வரைக்கும் போயிருக்கிறது. நான் பிரித்துக் கொடுத்த ரெசிஸ்டரும் அவர் வைத்த சால்டரும் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. அவர் காது சிவந்தது என் மேல் உள்ள கோபத்தால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து எல்லோரும் அவரைச் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டியிருக்கிறார்கள். மெதுவாகவே வா என்று உலகத்தில் ஒருவர் கேட்டார். அண்ணன் முதல்முறையாக மெச்சிய அதே நிமிடத்தில் கேட்டார். இவர் அந்தத் தாளை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பத்து வயதில் இது எனக்கு விளங்கவில்லை. இப்போது நன்றாகவே விளங்குகிறது. விளங்கியதற்காக விட்டுவிட முடியாது. பன்னிரண்டு வருடம் நான் ஈரத்துணியாக இருந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் அத்தை மகன் கல்யாணம். மண்டபத்தில் மைக் இருக்கும். அப்பா முன்வரிசையில் இருப்பார். அந்த அடித்தாளை லேமினேட் செய்து கொண்டுவருகிறேன். சித்தப்பா, அந்தத் தாளில் இருந்ததைப் படித்தீர்களா, இல்லையா? அந்த நான்கு பனியன்களை யார் காயப்போட்டது? என் கிட் இன்னும் பரணில்தானே இருக்கிறது? மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். அவசரமே இல்லை. மெதுவாகவே சொல்லுங்கள்.