மூன்றாவது சர்வருக்கு மட்டும் கூட்டம்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எங்கள் கல்லூரியின் இணையதளம் படுத்துவிடும். இது பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்த விஷயம். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் எனக்குப் போன தடவை ரோஷம் வந்துவிட்டது. தளத்தைத் தாங்கும் சர்வர் ஒன்று இருந்த இடத்தில் மூன்றை வைத்தேன். அவற்றுக்கு முன்னால் வாசல் மாதிரி இன்னொன்று. அது முடிவு எதையும் காட்டாது. கல்யாண வீட்டில், "இந்தப் பந்தி நெறஞ்சிட்டு, மாடிக்குப் போங்க" என்று கைகாட்டும் மாமாவைப் போல, வருகிறவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என மாற்றி மாற்றித் திருப்பிவிடும்.

ரோஷத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை பார்த்தபடியே அம்மா எங்கள் கல்லூரியில் தபால் வழியில் பி.ஏ. படித்தாள். ஆங்கிலத் தாள் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. "இந்த வாட்டியும் போச்சுன்னா புத்தகத்த மூட்ட கட்டிருவேன்" என்றிருந்தாள். நான் முன்னாலேயே பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"எல்லாரும் பாக்கும்போது நானும் பாக்கேன். நீ ஒன் சோலியப் பாரு."

காலை பத்து மணிக்குத் திறந்தோம். கால் மணி நேரம் ராஜநடை. அப்புறம் மூன்றாவது சர்வர் மட்டும் மூச்சு வாங்கியது. மற்ற இரண்டும் ஈ ஓட்டின. வாசலோ சரிசமமாகத்தான் பிரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மில் கேண்டீனிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, பக்கம் மொதல்ல நல்லாத் தொறந்துச்சு. இப்ப நம்பரப் போட்டா சுத்திக்கிட்டே கெடக்கு."

பக்கத்தின் மேலே இருக்கும் இணைய முகவரியை வாசிக்கச் சொன்னேன். வாசல் திருப்பிவிட்ட பிறகு வரும் முகவரி அது, மூன்றாவது சர்வருடையது.

"இத வேற யாருக்கும் அனுப்புனியாம்மா?"

"பின்னே? எப்பவும் தொறக்காதேன்னு கூடப் படிக்க பிள்ளைக பயந்துகிட்டு கெடந்தாளுவ. எனக்குத் தொறந்தத எல்லா குரூப்புலயும் போட்டுட்டேம்லா!"

அங்கிருந்து அது திருச்செந்தூர் வரை போயிருக்கும். வாசல் பக்கமே வராமல் அத்தனை பேரும் நேராக மூன்றாவதில் போய் விழுந்திருக்கிறார்கள். அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நேராக வருகிறவர்களை வாசலுக்கே திருப்பி அனுப்பு என்று மூன்று சர்வருக்கும் ஒரு வரி எழுதினேன். கொஞ்ச நேரத்துக்கு மூன்றாவதுக்கு ஆள் விடாதே என்று வாசலுக்கு ஒரு வரி.

"இப்பப் போடும்மா."

டம்ளர் சத்தத்துக்கு நடுவே நம்பரைச் சொல்லிச் சொல்லிப் போட்டாள். பிறகு, தன் கண்ணையே நம்பாதவளாக, எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

"பி… ஏ… எஸ்… எஸ்."

பின்னால் மில் பெண்கள் போட்ட கூச்சலில் என் காது அடைத்தது. ஆபீஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

"ஏட்டி, இந்தப் பக்கத்தையும் குரூப்புல போடட்டுமா?"

"எல்லா குரூப்புலயும் போடும்மா," என்றேன்.