கிணற்றுக்குள் வைத்த ஒயின்

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒயின் குடித்தது நான்தான், என் புருஷன் அல்ல. இதைச் சொன்னால் ஆர்.கே.பேட்டைச் சொந்தக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பொத்திக்கொள்ளட்டும். பெங்களூரில் வேலை பார்த்தபோது, நந்தி மலைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். கோப்பையை மெல்லச் சுழற்று, முதலில் மோந்து பார், பிறகு ஒரு வாய் மட்டும் குடி என்றார்கள். குடிப்பதில் மூக்குக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தேன். புருஷன் என் சொந்த அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் பாவா. கடலையும் கரும்பும் போடுகிற மனுஷன், பிராந்தி வாடையே ஆகாது. நான் கொண்டுவந்த நாசிக் சிவப்பு ஒயினைப் பயந்து பயந்து மோந்துவிட்டு, "நாவப்பழம்டி. அப்பறம் வெத்தலக் காம்பு. கடைசில கடலக்கா" என்றார். அதன் பிறகு எந்த தேசத்துப் பாட்டிலைத் திறந்தாலும் கடைசியில் ஒரு கடலைக்காயைக் கண்டுபிடித்துவிடுவார். நான் சிரித்து மாளாது.

நல்ல ஒயின் எங்கள் பக்கம் கிடைக்காது. ஆந்திர எல்லை தாண்டி நகரிக்குப் போனால் 'ஒயின்ஸ்' என்று பெரிய பலகை மாட்டியிருப்பார்கள், உள்ளே அதைத் தவிர எல்லாம் இருக்கும். சென்னைக்குப் போகும்போதெல்லாம் ஒரு மாலில் இருக்கும் கடையில் இத்தாலி, சிலி என்று தேடித் தேடி வாங்குவோம். ஆனால் எங்கள் ஊர் வெயில் இருக்கிறதே, சனியன்! பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருந்த பிரெஞ்சு பாட்டில் ஒன்றைச் சித்திரையில் திறந்தால், சுண்டிப்போன புளிக்குழம்பு வாடை. எனக்கு வயிறு எரிந்தது. ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றால் அத்தையின் மோர்ச்சட்டிக்கு நடுவில் அது எங்கே இருக்கும்?

பாவாதான் கழனிக் கிணற்றைச் சொன்னார். போர் போட்ட பிறகு வற்றிப்போன கிணறு அது. அடியில், பழைய மோட்டார் வைக்கப் பக்கவாட்டில் குடைந்த ஒரு கல் அறை உண்டு. மேலே அனல் பறந்தாலும் அங்கே சில்லென்று இருக்கும். அந்தக் கிணறு எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஆனால் அங்கே வைத்த ஒயினின் ருசியை என்னவென்று சொல்ல! கோடையிலும் ஒயின் ஒயினாகவே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

வற்றிய கிணற்றில் இறங்கும் முன் லாந்தரைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விளக்கு அணைந்தால் கீழே மூச்சுக்குக் காற்று இல்லை, யாரும் இறங்க மாட்டார்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் நின்றுபோய் லாந்தரும் துருப்பிடித்துவிட்டது. அதனால் பாவா செல்போனில் டார்ச்சைப் போட்டு, ஒரு வலைப் பையில் வைத்துக் கயிற்றில் இறக்குவார். "பாருடி, பளிச்சுனு கீது" என்று சொல்லிவிட்டு இறங்குவார். நானும் பார்ப்பேன். பளிச்சென்றுதான் இருக்கும்.

இந்த வருஷம் அவருக்குத் தானே ஒயின் போட ஆசை வந்தது. கூடை கூடையாகப் பன்னீர் திராட்சை வாங்கி நசுக்கி, டிரம்மில் நிரப்பி, அந்தக் கல் அறையில் இறக்கினார். மேலே மிதக்கும் தோலைத் தினமும் கழியால் அமுக்கிவிட வேண்டும் என்று படித்துச் சொன்னவள் நான். முதலில் டிரம் சும்மாவே கிடந்தது. பிறகு பொங்க ஆரம்பித்தது. "சோறு கொதிக்கிற மாதிரி கொதிச்சிகினு கீது" என்று சந்தோஷமாகச் சொன்னார். அதே மூச்சில், "கீழ தவளைங்க செத்துக் கெடக்குது, வெயிலு" என்றார். எனக்கு என்னவோ போல் இருந்தது. வேண்டாம் பாவா, மேலே ஏற்றிவிடு என்றேன். கேட்டால்தானே.

மறுநாள் கிருத்திகை. காலையில் இருவரும் மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு நேராகக் கழனிக்கு வந்தோம். பாவா விரதம், வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. வழக்கம்போல் போனை இறக்கினார். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. படியில் இறங்கிப் போனார். கழி டிரம்மில் இடிக்கும் சத்தம் கொஞ்சம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"இன்னா பாவா, விரதத்தன்னைக்கே ருசி பாத்துகினு கீறியா?"

குனிந்து பார்த்தேன். கல் அறையின் வாயிலேயே டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டார்ச் வெளிச்சம் நேராக அவர் முகத்தில்.

அலறிக்கொண்டு படியில் இறங்கினேன். பாதி தூரத்தில் மூக்குக்குள் சுரீர் என்றது, சோடாவை மூக்கில் ஏற்றிக்கொண்ட மாதிரி. அதற்கடியில் நொதிக்கிற திராட்சை வாசனை. புரிந்துவிட்டது. பொங்குகிற டிரம் வாயு விடும். அது காற்றைவிடக் கனம், கிணற்றில் தண்ணீர் போல நிரம்பி நிற்கும். லாந்தர் என்றால் அணைந்திருக்கும். டார்ச் எரிய எதற்குக் காற்று?

நான் மேலே ஏறினேன். ஏறி, கத்தினேன். பக்கத்துக் கழனியில் களை எடுத்தவர்கள் ஓடிவந்தார்கள். வேப்பங்கொப்புகளைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் வீசிக் காற்றைக் கலக்கினார்கள். போர் தண்ணீரைக் குழாய் வைத்து உள்ளே அடித்தார்கள். அதுவரை யாரையும் இறங்க விடாமல் படிக்குக் குறுக்கே நின்றது நான்தான். கடைசியில் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கித் தூக்கிவந்தார். ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே வைத்தார்கள்.

சாவு வீட்டில் ஒரு மாமா, "குடிச்சிட்டு கெணத்துல விழுந்துட்டானாம்" என்று காதில் விழும்படியே சொன்னார். "அந்த மனுசன் விரதம். வாய மூடு" என்றேன். மாமாவாவது மண்ணாவது. எல்லோரும் அடங்கினார்கள்.

அத்தை மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லைட்டு எரிஞ்சிகினே இருந்துச்சாமே. அவன் மூஞ்சி உனக்குத் தெரிஞ்சுதா?"

"ஆங், தெரிஞ்சுது அத்த."

"எவ்ளோ நேரம் பாத்துகினு நின்ன?"

"தூக்கற வரைக்கும்" என்றேன்.

அத்தை என் கையை விட்டுவிட்டாள்.